செவனிங்கா, எராஸ்மஸா, ஜெர்மனியின் டாட்-ஆ? கையில் இருப்பதை வைத்து முடிவெடுப்போம்

2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுப் பெண் ஒரு நீள நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். நோட்டில் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைகள் பதினான்கின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை மையில் "முழுச் செலவும் அவங்களே". கடைசிப் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி.

"அக்கா, இதுல எது பெஸ்ட்?"

அவளுக்கு 25 வயது. அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து 2022-இல் வெளியே வந்தாள். ஒரு வருடம் டிஎன்பிஎஸ்சி-க்குப் படித்தாள். அப்புறம் சிவகங்கைப் பக்கம் கண்மாய்களைச் சீரமைக்கும் சிறிய அமைப்பு ஒன்றில் சேர்ந்து இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆகிறது. நீர் மேலாண்மையில் முதுகலை படிக்க ஆசை. அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். பி.இ.க்கு வாங்கிய கல்விக்கடன் இன்னும் முடியவில்லை.

"எது பெஸ்ட்" என்ற கேள்வியில் நானும் இரண்டு வருடத்தைத் தொலைத்தவள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று ஒரே உதவித்தொகைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். அதற்குக் கேட்ட வேலை அனுபவம் என்னிடம் பெயரளவில்தான் இருந்தது. இரண்டு முறையும் நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. மூன்றாவது வருடம் எராஸ்மஸ் முண்டஸ் வழியாகப் போனேன். அதனால் அவளிடம் கேள்வியை மாற்றச் சொன்னேன். இந்த வருடம் உன் கையில் என்ன இருக்கிறது? எத்தனை வருட வேலை? உன்னைப் பற்றி மனதார எழுதித் தர எத்தனை பேர்? படித்து முடித்ததும் எங்கே இருக்க நினைக்கிறாய்? நடுவில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டி வருமா? இந்த நான்குக்கும் பதில் எழுதியதும் பதினான்கில் பத்து தானாகவே விழுந்துவிட்டன.

விழுந்தவற்றில் பெரிய பெயர்கள் உண்டு. ரோட்ஸ், 1903 முதல் மாணவர்களை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அழைத்துப்போகிறது. இந்தியாவுக்கு வருடத்துக்கு ஐந்தாறு இடம்தான். வயது வரம்பும் இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கல்லூரி இறுதியாண்டில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டியது அது. கேட்ஸ் கேம்பிரிட்ஜ் 2000-இல் 21 கோடி டாலர் நன்கொடையில் தொடங்கப்பட்டது. உலகம் முழுவதிலுமிருந்து வருடத்துக்கு ஏறத்தாழ 80 பேரை எடுக்கிறார்கள். அதற்கும் முன்னால் கேம்பிரிட்ஜின் துறை உங்களைத் தன் வரிசையில் மேலே வைக்க வேண்டும். ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். கண்மாய் வேலையிலிருந்து வருகிறவளுக்கு அது முதல் கதவு இல்லை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கும் காலம் ஏப்ரல், மே. அது முடிந்துபோயிற்று.

ஃபுல்பிரைட்-நேரு விழுந்ததுதான் அவளுக்கு வருத்தம். இந்தியாவும் அமெரிக்காவும் 1950-இல் கையெழுத்திட்டுத் தொடங்கிய திட்டம் அது. 2008 ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டு அரசுகளும் சேர்ந்து பணம் போடுவதால் நேருவின் பெயரும் சேர்ந்தது. முதுகலைக்கு விண்ணப்பிக்க குறைந்தது மூன்று வருடச் சம்பள வேலை வேண்டும். அவளிடம் இரண்டுதான் இருக்கிறது. மே மாத நடுவில் விண்ணப்பம் மூடினால், வகுப்பில் உட்காருவது அதற்கடுத்த வருட ஆகஸ்டில். ஆகப் பதினைந்து மாதம் முன்னாலேயே முடிவெடுத்திருக்க வேண்டும். கலை, அறிவியல் கல்லூரியில் மூன்று வருடப் பட்டம் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்க இளங்கலைக்குச் சமமான படிப்பு வேண்டும் என்பதால் பி.ஏ., பி.எஸ்ஸி. மட்டும் போதாது, அதற்கு மேல் ஒரு முதுகலையோ தகுந்த டிப்ளமாவோ இருக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் இல்லை. மூன்று வருடப் பட்டத்தை வைத்தே அங்கே முதுகலைக்குப் போகலாம்.

மிச்சம் நின்றவை நான்கு: செவனிங், காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட்.

செவனிங் இங்கிலாந்து வெளியுறவுத் துறையின் பணம். 1983-இல் தொடங்கியது. கென்ட் பகுதியில் வெளியுறவு அமைச்சர் தங்கப் பயன்படுத்தும் மாளிகையின் பெயரைத்தான் பின்னால் இதற்கு வைத்தார்கள். அந்தப் பெயரிலேயே அவர்கள் தேடுவது தெரிகிறது. நாளைக்குத் தன் நாட்டில் முடிவெடுக்கிற இடத்தில் இருக்கப்போகிறவர்கள் வேண்டும். அவர்களுக்கு இங்கிலாந்தோடு ஒரு பழக்கம் இருக்க வேண்டும். மதிப்பெண் அங்கே நுழைவுச்சீட்டு மட்டும்தான். ஒரு வருட முதுகலை, மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுக்கலாம், குறைந்தது 2,800 மணி நேர, அதாவது ஏறத்தாழ இரண்டு வருட வேலை அனுபவம். இந்த மணிக்கணக்கைப் பார்த்துப் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். சம்பளமில்லாத பயிற்சியும் தன்னார்வ வேலையும் பகுதி நேர வேலையும் அதில் சேரும். ஆனால் கட்டுரையில் சொல்ல ஒரு காரியம் நடந்திருக்க வேண்டும். என்னிடம் இல்லாமல் போனது அதுதான்.

தேதியில் ஒரு எச்சரிக்கை. 2024-இல் செவனிங் விண்ணப்பம் நவம்பர் 5 வரை திறந்திருந்தது. 2025-இல் அக்டோபர் 7 என்று ஒரு மாதம் முன்னால் இழுத்துவிட்டார்கள். போன வருடம் விண்ணப்பித்த சீனியர் சொன்ன தேதியை நம்பி உட்கார்ந்திருந்தால் அவ்வளவுதான். இணையத்தில் சுற்றும் பட்டியல்களை விட்டுவிட்டு அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில், அந்த வருடத்து அறிவிப்பைப் படிக்க வேண்டும்.

காமன்வெல்த்தும் இங்கிலாந்துதான், ஆனால் மனசு வேறு. 1959-இல் காமன்வெல்த் நாடுகளின் கல்வி மாநாட்டில் பிறந்த திட்டம். இந்த உதவி இல்லாமல் இங்கிலாந்தில் படிக்க வசதியில்லாதவர் என்பதே ஒரு தகுதி. படித்துவிட்டு ஊருக்கு என்ன செய்வாய் என்பது முக்கியமான கேள்வி. இரண்டு வருட வேலை கட்டாயமில்லை. சிக்கல் என்னவென்றால், முதுகலைக்கு இந்தியக் கல்வி அமைச்சகம் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். அங்கே ஒரு விண்ணப்பம், லண்டனுக்கு ஒரு விண்ணப்பம். இதன் தம்பி மாதிரி ஒரு திட்டம் இருக்கிறது: பகிர்வு உதவித்தொகை. பல்கலைக்கழகமும் காமன்வெல்த் ஆணையமும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. பட்டியலில் உள்ள படிப்புகளுக்குப் பல்கலைக்கழகம் வழியாகவே போட்டுவிடலாம், அமைச்சகப் பரிந்துரை தேவையில்லை. என்னிடம் வந்து கேட்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இது இருப்பதே தெரியவில்லை. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை, நல்ல மதிப்பெண், வேலை அனுபவம் குறைவு என்றால் செவனிங்கை விட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

எராஸ்மஸ் முண்டஸ் நான் போன வழி, அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். 2004-இல் தொடங்கியது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து ஒரே படிப்பை நடத்தும். நீங்கள் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள். உதாரணத்துக்கு வெள்ள அபாய மேலாண்மை என்றே ஒரு படிப்பை ஜெர்மனியின் டிரெஸ்டன், நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஸ்பெயினின் பார்சிலோனா, ஸ்லோவேனியாவின் லுப்லியானா நான்கும் சேர்ந்து நடத்தின. ஒரு பருவம் ஒரு ஊர். பெட்டியைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஒத்துவராதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு ஊரிலும் புதிதாக அறை தேடல், புதிதாகப் பதிவு, பழகிய நண்பர்களை விட்டுப் பிரிதல். எனக்கு அது பிடித்திருந்தது. என்னோடு படித்த ஒருவர் இரண்டாம் பருவத்திலேயே உடைந்துபோனார்.

இறுதியாண்டில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். முன்பெல்லாம் வருடத்துக்கு மூன்று படிப்புகளுக்குத்தான் போடலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2021-இல் தொடங்கிய புதிய சுற்றில் அது போய்விட்டது. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். மொத்தம் 33,600 யூரோ. கல்விக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. முடித்த பிறகு ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது, அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு படிப்பின் மொத்த உதவித்தொகைகளில் ஒரே நாட்டுக்காரர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு சுற்றில் இருபதை ஒட்டித்தான் உதவித்தொகை இருக்கும் என்றால், இந்தியர்களுக்கு இரண்டு. ஆகவே நீங்கள் போட்டியிடுவது உலகத்தோடு இல்லை. அதே படிப்புக்கு விண்ணப்பித்த மற்ற இந்தியர்களோடு. செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று பெயர் வைத்த படிப்பில் அந்த இரண்டு இடத்துக்கு எத்தனை பேர் முட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிலத்தடி நீர், மண், மீன்வளம், கடற்கரை, பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு போன்றவற்றில் கூட்டம் குறைவு. விருப்பமில்லாததைப் படிக்கச் சொல்லவில்லை. விருப்பமே அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இங்கே உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்கிறேன்.

டாட் என்பது ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, 1925-இல் தொடங்கி நூறு வருடம் ஆகிறது. அதில் நம் ஊர் வேலைக்காரர்களுக்குப் பொருந்துவது எபோஸ் என்ற திட்டம்: வளரும் நாடுகளின் முன்னேற்றத்தோடு தொடர்புள்ள படிப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கும், அதிலிருந்து அதிகபட்சம் மூன்றை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கலாம். நீர், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம், வனம் எல்லாம் உண்டு. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அவள் 2022-இல் முடித்தவள், கணக்கு சரியாக வருகிறது. மாதப் பணம் எராஸ்மஸை விடக் குறைவு, ஆனால் மருத்துவக் காப்பீடு, பயணச் செலவு தனி. கல்யாணமாகிக் குழந்தை உள்ளவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு குடும்பப்படியும் உண்டு. செவனிங்கில் குடும்பத்துக்கென்று காசு கிடையாது. முப்பது வயதில் கைக்குழந்தையோடு யோசிக்கும் ஒருவருக்கு இந்த ஒரு விஷயமே முடிவைத் தீர்மானித்துவிடும்.

உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் ஜெர்மனி முழுதாக மூடிப்போகாது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் 2017 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கிய வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பதுதான் அங்கே பெரிய மலை. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் விசாவுக்கு, நம் பட்டம், மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழும் வேண்டும். சொந்தப் பணத்தில் போகிறவர்கள் அதற்கு ஒன்றிரண்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இந்த நான்கோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். அவளுக்கு இல்லை, அவள் தோழி ஒருத்திக்காக. எஸ்.சி. மாணவர்களுக்கும், சீர்மரபினர், நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. வருடத்துக்கு 125 இடம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை வழியாக அண்ணல் அம்பேத்கர் பெயரில் வருடத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டமும் உண்டு. இரண்டையும் எடைபோட்டால், தகுதி உள்ளவர்கள் மாநிலத் திட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றியத் திட்டத்தில் 2022-இல் வந்த விதிப்படி இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளுக்கு இடமில்லை. 2025-இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் வந்தது. மற்றவர்கள் நிதி அனுமதிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் ஒருவருக்கு ஜூலையில் அப்படிக் காத்திருப்பது எப்படி இருக்கும்! மாற்று வழி ஒன்று கையில் இல்லாமல் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

அந்தத் தோழி தயங்குகிறாள். "அது கோட்டா ஸ்காலர்ஷிப்னு சொல்வாங்கக்கா." எனக்குக் கோபம்தான் வந்தது, அவள் மேல் இல்லை. 1913-இல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடம். திரும்பி வந்து பத்து வருடம் பரோடாவில் வேலை செய்கிறேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பணம் யாருடைய பணம் என்று இன்று யாராவது கேட்கிறார்களா? உரிமையுள்ள பணத்தை வாங்கிக்கொண்டு படிக்கப் போவதில் குறைவு ஒன்றுமில்லை.

பத்திரம் என்றதும் அவளுடைய அப்பா நினைவுக்கு வருகிறார். அன்று மாலை வாசலில் நின்றபடியே கேட்டார்: "ஏம்மா, படிச்சு முடிச்சதும் அங்கேயே வேலை கிடைச்சா இருக்கலாமா, இல்ல திரும்பி வந்தே ஆகணுமா? வரலைன்னா நாங்க பணம் கட்டணுமா?"

சரியான கேள்வி. நான்குக்கும் பதில் வேறு வேறு. செவனிங் முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். மீறினால் உதவித்தொகையைத் திருப்பிக் கேட்கலாம். இங்கிலாந்தில் மற்ற மாணவர்கள் படித்த பிறகு வேலை தேடி இருக்கிறார்களே, அந்தக் கணக்கை இதில் போடக் கூடாது. காமன்வெல்த்திலும் முடிந்ததும் திரும்ப வேண்டும். ஃபுல்பிரைட்டில் ஜே-1 விசாவோடு இரண்டு வருட விதி ஒட்டிக்கொண்டு வரும். சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருந்த பிறகுதான் அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்க முடியும். டாட் எபோஸின் நோக்கமும் படித்தவர் ஊருக்குப் பயன்பட வேண்டும் என்பதே. எராஸ்மஸில் கட்டுப்பாடு இல்லை.

கல்விக்கடன் நிற்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அங்கே இரண்டு வருடம் வேலை செய்தால் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர் செவனிங்குக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளக் கூடாது. அதே நேரம், ஊரில்தான் வேலை செய்யப்போகிறேன் என்று உறுதியாக இருப்பவருக்கு அந்த இரண்டு வருட விதி ஒரு சுமையே இல்லை. நேர்காணலில் அந்த உறுதி முகத்திலேயே தெரியும். ஆனால் திரும்பி வருவது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அம்பேத்கர் 1917-இல் சொன்னபடி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அந்த ஊரில் அவருக்குத் தங்க ஒரு வீடு கொடுக்க ஆள் இல்லை. சில நாட்களிலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. திரும்பி வந்து எங்கே நிற்கப்போகிறோம், யார் வேலை கொடுப்பார்கள் என்பதைப் போவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

வீட்டுக்குப் பணம் அனுப்புவது பற்றி எந்த ஒப்பீட்டிலும் யாரும் எழுதுவதில்லை. நம் வீடுகளில் அது இல்லாமல் எந்த முடிவும் இல்லை. 1914-இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கிளம்பியபோது சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது வருடத்துக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு என்று முன்பே ஒதுக்கப்பட்டது. இன்றைய உதவித்தொகை எதிலும் அப்படி ஒரு பங்கு கிடையாது. எராஸ்மஸின் 1,400 யூரோவில் விமான டிக்கெட், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் அடக்கம். டெல்ஃப்ட் மாதிரி ஊரில் அறை வாடகைக்கே பாதிக்குப் பக்கம் போய்விடும். வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, சைக்கிளில் போய் வந்தால் மாதம் நூறு, நூற்றைம்பது யூரோ மிச்சம் பிடிக்கலாம். நான் பிடித்தேன். செவனிங்கில், குறிப்பாக லண்டனில், அது கஷ்டம்; ஒரு வருடத்தில் முடிந்துவிடுவதால் சேமிக்கவும் நேரமில்லை.

அப்புறம், "முழுச் செலவும் அவங்களே" என்று பச்சை மையில் எழுதினாலும் முதல் செலவு நம்முடையதுதான். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பதினேழு பதினெட்டாயிரம் ரூபாய்; மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். மதிப்பெண் பட்டியல்களைப் பல்கலைக்கழகத்தில் முத்திரையிட்டு வாங்க அலைச்சல், விசாவுக்கு முன்பணம், குளிருக்கு ஒரு நல்ல கோட்டு. எனக்கு அங்கே போய் வங்கிக் கணக்குத் திறந்து முதல் தவணை கைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. அம்மாவின் வளையலை அடகு வைத்த காசில்தான் அந்த நாட்கள் ஓடின. குறைந்தது ஒன்றரை லட்சமாவது புரட்ட வழி இருக்கிறதா என்று முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் ஏஜென்டுகளுக்குக் கொடுக்க வேண்டியது இதில் சேராது. நான் சொன்ன எந்தத் திட்டத்துக்கும் ஏஜென்ட் தேவையில்லை.

சரி, ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தேடுவதை விட வேலை தேடுவது புத்திசாலித்தனம். நெதர்லாந்தில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் பணியாளர். ஜெர்மனியிலும் பல இடங்கள் அப்படித்தான். மேரி க்யூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் ஆய்வு வலையமைப்புகளிலும் சம்பளம்தான். போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஊரிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இந்த விதி தானாகவே சாதகம். இங்கேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு நல்கையில் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவிலும், காமன்வெல்த்தின் பிரிந்த-இடத் திட்டத்தில் ஒரு வருடம் வரை இங்கிலாந்திலும் போய் ஆய்வு செய்துவிட்டு வரலாம்.

எதிர்வீட்டுப் பெண்ணின் கட்டுரைக்கு வருகிறேன். முதல் வரைவை ஆகஸ்டில் கொண்டுவந்தாள். "நான் தலைமைப் பண்பு மிக்கவள். பல சவால்களைக் கடந்து வந்திருக்கிறேன்" என்று தொடங்கியது. பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். மூடி வைத்துவிட்டு, "போன வருஷம் கண்மாயில என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றேன்.

சொன்னாள். மேல்மடைக்காரர்கள் தண்ணீரை முதலில் எடுத்துவிடுகிறார்கள் என்று கடைமடைக்காரர்களுக்குக் கோபம். நாற்று காய்கிறது. கூட்டம் போட்டால் சண்டை. அந்த ஊர் நீர்க்கட்டி, அதாவது மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், அறுபது தாண்டியவர், மடையருகே ஒரு கம்பை ஊன்றி வெட்டுக்குறி போட்டு வைத்திருந்தார். எந்தக் குறிக்குத் தண்ணீர் இறங்கினால் எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். கேட்பார் இல்லை. இவள் மூன்று வாரம் காலையும் மாலையும் அந்தக் கம்பின் அளவைக் குறித்து, மடை திறந்த நேரத்தோடு சேர்த்து ஒரு பெரிய தாளில் வரைந்து, டீக்கடைச் சுவரில் ஒட்டினாள். தாளைப் பார்த்த பிறகு பேச்சு மாறியது. முறை வைத்துத் தண்ணீர் விட ஒத்துக்கொண்டார்கள். கடைமடையில் அந்த வருடம் அறுப்பு நடந்தது.

இதை விட்டுவிட்டு யாராவது "தலைமைப் பண்பு" என்று எழுதுவார்களா!

இந்த ஒரே கதையை நான்கு இடத்துக்கும் நான்கு மாதிரி எழுத வேண்டும், அங்கேதான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. செவனிங்குக்கு: அதிகாரம் எதுவும் இல்லாத 24 வயதுப் பெண் ஒரு கூட்டத்தை எப்படிச் சம்மதிக்க வைத்தாள், அதில் யார் யாரைச் சேர்த்துக்கொண்டாள். காமன்வெல்த்துக்கு: எத்தனை குடும்பத்தின் வயல் பிழைத்தது, பக்கத்து ஊர்களுக்கு இதை எப்படிக் கொண்டுபோவாள். எராஸ்மஸுக்கு: கம்பு அளவில் என்ன பிழை வரும், அதைச் சரிசெய்ய எந்தப் பாடம் வேண்டும், அந்தப் பாடம் ஏன் அந்த இரண்டு பல்கலைக்கழகங்களில். கூட்டத்தில் பேசியதைப் பற்றி அங்கே யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. எபோஸுக்கு: திரும்பி வந்ததும் அமைப்பில் அவள் என்ன பொறுப்பு ஏற்பாள், வேலை கொடுத்தவரே அதைக் கடிதத்தில் எழுதித் தருவாரா.

கடிதம்தான் கடைசித் தடை. அவள் படித்த துறையின் தலைவர் இன்னொரு ஊருக்கு மாறுதலாகிப் போய்விட்டார். போனில் கூப்பிட்டால், "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்கிறார். நம் ஊர் வழக்கம் இது. ஆனால் மாணவி தன்னைப் பற்றித் தானே எழுதிய கடிதம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். எல்லாப் புகழும் ஒரே குரலில் இருக்கும். நான் சொன்னது: நேரில் போ. உன் புராஜெக்ட் அறிக்கையையும், நீ சொல்ல விரும்பும் மூன்று விஷயத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப்போ. அவர் சொல்லச் சொல்ல நீ தட்டச்சு செய். கல்லூரி மின்னஞ்சலிலிருந்தே அனுப்பச் சொல். ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்தைச் சில இடங்களில் ஏற்பதில்லை. அவள் பேருந்து பிடித்துப் போனாள். அரை நாள் உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் எதிர்பார்க்காத ஒரு வரி அதில் இருந்தது: கடைசி வருடத்தில் கல்லூரி மழைநீர்த் தொட்டி ஏன் நிறையவில்லை என்று கேட்டு, கூரையில் ஏறிக் குழாயை அளந்த ஒரே மாணவி.

கடைசியில் அவள் எடுத்த முடிவு: எபோஸில் இரண்டு படிப்புகள், எராஸ்மஸில் நான்கு, காமன்வெல்த் பகிர்வில் பட்டியல் வந்ததும் ஒன்று. செவனிங்கை இந்த வருடம் தள்ளி வைத்தாள். நான் போடச் சொன்னேன். அவள்தான் வேண்டாம் என்றாள். கண்மாய் வேலை இன்னும் இரண்டு ஊரில் நடந்த பிறகு போட்டால் சொல்ல இன்னும் இருக்கும், கடன் அடையும் வரை திரும்பி வந்தே ஆக வேண்டும் என்ற கட்டும் வேண்டாம் என்கிறாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரி. அடுத்த மே மாதத்தில் மூன்று வருடத்துக்கு ஒரு மாதம் குறையும், அதனால் ஃபுல்பிரைட்டும் அதற்கு அடுத்த வருடம்தான்.

நேற்று இரவு எட்டு மணிக்கு மறுபடி வந்தாள். எராஸ்மஸ் கட்டுரையின் மூன்றாவது வரைவு. அதில் நீர்க்கட்டியின் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அவர் பேரைப் போடலாமான்னு இன்னும் அவர்ட்ட கேக்கலக்கா. சனிக்கிழமை ஊருக்குப் போறேன். கேட்டுட்டு வந்து எழுதறேன்."